செம்பெட்டித் தோட்டா

கீழ்க்கடலின் விளிம்பில் கதிரவன் இன்னும் தலைதூக்காத சிறுபொழுது. இரவெல்லாம் மோதியும் ஒரு கல்லையேனும் அசைக்கமாட்டாது இளைத்த அலைகள், வழக்கில் தோற்றவன் வாயிற்படியில் அமர்ந்து முணுமுணுப்பது போல, வட்டக்கோட்டையின் கருங்கல் மதிலடியில் ஓசை தாழ்ந்து கிடந்தன. மேற்கே மருந்துவாழ்மலை பனிப்போர்வையை இடைவரை நழுவவிட்டு நின்றது. அதன் அடிவாரம் தொட்டுப் பனையும் தென்னையும் நிரைநிரையாய் எழுந்து, அவற்றிற்கு அப்பால் நாஞ்சில் வயல்கள் கதிர் முற்றித் தலைகவிழ்ந்து, மண்ணோடு ஏதோ மறைபொருள் பேசுவன போல் விரிந்து கிடந்தன. காற்று எழவில்லை. காற்றெழாத அந்தச் சிறு இடைவெளியைக் காத்திருந்தே, நாகர்கோவில் குறிசுடு கழகத்தைச் சேர்ந்த சுயம்புலிங்கம், கோட்டைக்கு வடக்கே மணல்மூட்டையொன்றின் மேல் துப்பாக்கியைக் கிடத்தி, அதன் பின்னே மூச்சடக்கிக் குப்புறக் கிடந்தான்.

திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. சுயம்புலிங்கம் நெல்வயலும் நூல் நிறைந்த அறையும் உடையவன்; ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அரைநாள் வாளாவிருக்க வல்லவன்; பிறர் பேச்சை முழுதும் கேட்டுத் தன் பேச்சைப் பெரும்பாலும் விழுங்கிவிடுபவன். திருவனந்தபுரத்தில் நிகழவிருந்த போட்டிக்குக் கழகத்தின் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைத் தெரிந்தெடுக்கும் பணி அவனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

கற்றறிந்த நெஞ்சீர்! தொழிற்சாலையில் அச்சு மாறாது செய்த தோட்டாக்கள் அனைத்தும் ஒன்றே என்று எண்ணிவிடாதீர். ஒரு குழலுக்கு உகந்தது இன்னொரு குழலுக்கு ஆகாது. பெயரும் பெட்டியும் ஒன்றேயாயினும், ஒருநாள் செய்த தொகுதி நேர்வழி செல்ல, மறுநாள் செய்த தொகுதி வழிதவறும். ஆதலால் அவன் குழலைத் துடைத்து, முதற் சில தோட்டாக்களைக் கணக்கில் கொள்ளாது மணல்மேட்டில் சுட்டு, குழலின் உட்புறம் அந்தத் தோட்டாவின் மெழுகுக்குப் பழகிய பின்னரே புதிய தாளை நிறுத்திக் குறிபார்ப்பான். ஒரு வகை முடிந்தபின் மீண்டும் துடைத்து மறுவகை தொடுவான். கையின் பிழை தோட்டாவின் பிழையாக எண்ணப்படலாகாது என்பதற்கே அந்த மணல்மூட்டை.

அன்று இரண்டு வகைகள் அவன்முன் இருந்தன. ஒன்று, பாயும் புலியும் பொன்னெழுத்தும் பொறித்த செம்பெட்டி. கழகத் தலைவர் முத்துக்குமாரசாமி கொழும்பிலிருந்து தருவித்து நன்கொடையாக வழங்கியது. அது வேட்டைக்கென்றே செய்யப்பட்டது. ஒலியை முந்தி ஓடும் விரைவுடையது. அந்த விரைவு தணியும் இடத்திலே தடுமாறுவது. மற்றொன்று, திருவனந்தபுரத்துக் கடையொன்றில் சுயம்புலிங்கமே வாங்கிவந்த சாம்பல்நிறப் பெட்டி. விரைவில் குறைந்தது, ஓசையில் அடங்கியது, பார்வைக்கு எளியது.

தாள்களை எடுத்துவரச் சென்றவன் ததேயுஸ். இராஜாக்கமங்கலம் கடற்கரையினன், சுயம்புலிங்கத்தோடு ஒரே பள்ளியில் பயின்றவன், போர்க்காலத்தில் படையில் இருந்து துப்பாக்கி பழகியவன். கழகத்தின் சார்பில் சுடவிருந்தவனும் அவனே. அவனுடைய வள்ளம் சென்ற ஆடியில் பாறையில் மோதிச் சிதறிற்று. போட்டியில் பரிசு பெற்றால், நகரத்துக் கல்லூரியொன்றின் மாணவர் படைக்குக் குறிசுடும் பயிற்சி தரும் வேலை, கழகத் தலைவரின் பரிந்துரையின்மேல் அவனுக்குக் கிடைக்கும். கிடையாதேல் மனைவி இசபெல்லைக் கரையில் விட்டுத் தேயிலை மலைக்குக் கூலியாய்ச் செல்வதன்றி வேறு வழியில்லை.

"மக்கா, இதப் பாரு," என்று அவன் இரு தாள்களையும் விரித்தான். "ஒனக்க சாம்பப் பொட்டி பத்தும் ஒரே ஓட்டையில போயிருக்கு. அண்ணாச்சிக்க செவப்புப் பொட்டி, கோழி கெளறின குப்பமேடு மாதிரிலா இருக்கு!"

"ஒலி நன்றாக இருந்ததே?" என்று சுயம்புலிங்கம் முறுவலித்தான்.

"சத்தத்துக்குப் பரிசு குடுப்பாவளா? அப்பிடின்னா எங்க பங்குச் சாமியாருக்க கோயில்மணிய தூக்கிட்டுப் போயிருவேன்."

சுயம்புலிங்கம் நெடுநாளைக்குப்பின் வாய்விட்டுச் சிரித்தான். சாம்பல்பெட்டியின் தாளில், விளிம்பு கந்தலான ஒரே துளை, ஒரு காசால் மூடிவிடக்கூடியதாய் இருந்தது. ஓவியம் போலும் அதனை அவன் நெடுநேரம் நோக்கியிருந்தான்.

மாலையில் கழகத்தார் கூடியபோது அவன் இரு தாள்களையும் மேசைமேல் வைத்தான். விளக்கம் எதுவும் வேண்டியதில்லை என்று நம்பினான். அறிவுடையோர் கண்கள் அந்தத் துளையின்மேல் சென்று, பின்னர்த் தலைவரின் முகத்தின்மேல் சென்று, முடிவில் கூரையின்மேல் நிலைத்ததைக் கண்டபோது, அவன் சாம்பல்பெட்டியின் தாளை மீண்டும் கையில் எடுத்துக்கொண்டான்.

"தாள்ல என்னடே இருக்கு? ஓட்டைலா இருக்கு!" என்றார் முத்துக்குமாரசாமி, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கியபடி. "ஓட்டையப் பாத்து தோட்டாவுக்க கொணத்தச் சொல்ல முடியுமா? அந்தப் பொட்டியப் பாத்தியாடே, புலி பாயுது! சுட்டா மலையே கிடுகிடுன்னு ஆடுது. இது என்னன்னா, எருமை தும்முன மாதிரி."

"அண்ணாச்சி, போட்டி குறிக்குத்தான்..." என்று தொடங்கினான் சுயம்புலிங்கம்.

"சரிடே, எனக்கும் வேண்டாம் ஒனக்கும் வேண்டாம். நம்ம ஊருக்குன்னு ஒரு வழக்கம் உண்டும்லா? அம்மங்கிட்ட பூக்கெட்டிப் பாத்துருவோம். அவ சொன்னா சரிதான?"

திருமணமோ கிணறு தோண்டலோ, இருவேறு எண்ணங்களிடை நெஞ்சு ஊசலாடும்போது, வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியே பொதிந்து அம்மன் திருமுன் வைத்து, பூசாரியின் கை எதனை எடுக்கிறதோ அதனையே கட்டளையாய்க் கொள்வது அந்நாட்டார் வழக்கம். கண்ணுக்கு எட்டாத ஒன்றைக் கேட்பதற்கு மக்கள் கண்ட வழி அது. கண்முன் கிடந்த ஒன்றைக் காணாதிருப்பதற்கு அன்று அது பயன்பட்டது. கூடியிருந்தோர் முகங்களில் எல்லாம், கடன் தீர்ந்தாற்போல் ஓர் ஆறுதல் படர்ந்தது.

அனைவரும் அம்மன் கோயிலுக்குச் சென்றனர்; அங்கே பூத்தொடுக்கும் உலகம்மாள் பூக்களைப் பொதிய வாழையிலை கிழிக்க எழுந்தாள். "இலை எதுக்கு? இதிருக்கே," என்று முத்துக்குமாரசாமி, சுயம்புலிங்கத்தின் கையிலிருந்த தாளை வாங்கி இரண்டாய்க் கிழித்தார். கிழிசல் அந்த ஒற்றைத் துளையின் நடுவே ஓடிற்று. தலைவரே உலகம்மாளோடு தூண்மறைவில் நின்று பொதிகளைக் கட்டுவித்தார். செம்பெட்டிக்குச் சிவப்பு, சாம்பல்பெட்டிக்கு வெள்ளை என்று உரக்கக் கூறப்பட்டது. பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. குலவை எழுந்தது.

கூட்டம் சுண்டலுக்குத் திரும்பியபோது, எடுக்கப்படாத பொதி படிக்கட்டின் ஓரத்தில், அபிடேக நீர் வழியும் ஈரத்தில் கிடந்தது. தன் தாளாயிற்றே என்ற பற்றினால் சுயம்புலிங்கம் அதனை எடுத்துப் பிரித்தான். ஓரத்தில் பிறைபோன்ற பாதித் துளை. உள்ளே, ஈரத்தில் சாயம் கசிந்த செவ்வரளிப் பூ.

அவன் அதனை ஏந்திச் சென்று தலைவர்முன் நீட்டினான். "அண்ணாச்சி, இதுலயும் செவப்புதான் இருக்கு."

முத்துக்குமாரசாமி நாணவில்லை, திடுக்கிடவும் இல்லை. மதிலோரம் சென்று வெற்றிலைச் சாற்றை உமிழ்ந்துவிட்டு வந்து, அவன் தோள்மேல் கைபோட்டார். "ஆமா. அம்மனுக்கு ஒரு சங்கடம் வரக்கூடாதுலா?" என்று சிரித்தார். "ததேயுசுக்க வேலைக்குக் கையெழுத்துப் போடப்போறது ஆரு? நாந்தானே? நீ பேசாம இரி மக்கா. பேசாம இருக்கதுல நீ கெட்டிக்காரன்லா!"

தோளில் பதிந்த அந்தக் கையின் வெம்மை, இல்லம் சென்று நீராடிய பின்னும் அட்டைபோல் ஒட்டியிருந்ததாய் அவனுக்குத் தோன்றிற்று. ஆயினும் அவன் வெறுத்தது அவரை மட்டுமன்று. தன் பேசாமையை இதுகாறும் ஆழம் என்று எண்ணியிருந்தான். பிறர் அதனை ஒரு கருவியாய்க் கையில் எடுத்தாள்வதை அன்றுதான் கண்டான்.

புறப்படும் நாளில் செம்பெட்டித் தோட்டாக்கள் தட்டில் பரப்பப்பட்டன. ஈயமுனை ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் அப்பப்பட்டன. குழலுக்குள் ஒரு தூசியும் புகலாகாதென்று கண்ணிமைபோல் காத்தவன், கல்லும் மண்ணும் கலந்த அந்தச் செம்பொடியைப் பார்த்திருந்தான். தோட்டாக்களைக் கொண்டுசெல்லும் பொறுப்பு அவனுடையது. வண்டி ஏறுமுன், தன் அறையின் கதவைச் சாத்தி, குங்குமத் தோட்டாக்களை ஒரு துணிப்பையில் கொட்டிவிட்டு, சாம்பல்பெட்டியின் தோட்டாக்களைப் புலிப்பெட்டிக்குள் அடுக்கினான். எத்தோட்டாவையும் ஆளலாம் என்பது போட்டியின் முறையாதலின் அதில் கள்ளம் இல்லை. ஆயினும் கள்வனைப்போல அவன் கதவின் தாழை இருமுறை சரிபார்த்தான்.

திருவனந்தபுரத்துப் போட்டித் திடலில் ததேயுஸ் பெட்டியைத் திறந்து, முதல் தோட்டாவை விரலிடை உருட்டினான். குங்குமம் இல்லை, மெழுகின் வழுவழுப்பு இருந்தது. தலையைத் திருப்பாமலே மெல்லக் கேட்டான்:

"மக்கா, அம்மன் மனசு மாறிட்டாளா?"

"பேசாமச் சுடு."

அவன் சுட்டான். புலி பாயவில்லை, மலை அதிரவில்லை. எருமை தும்மியதுபோல் சிற்றொலி ஒவ்வொன்றாய் எழுந்து அடங்க, தாளின் நடுவே ஒரு காசளவு துளை மெல்ல மெல்லக் கந்தலாயிற்று. முதற்பரிசு நாகர்கோவிலுக்கு வந்தது.

அன்புடையீர், கதை இங்கு முடிந்திருக்குமாயின் எத்துணை நன்றாயிருக்கும்! பாராட்டு விழாவில் வெற்றுச் செம்பெட்டி மாலை சூட்டப்பெற்று மேசைமேல் வீற்றிருந்தது. முத்துக்குமாரசாமி எழுந்து, தம் தோட்டாவின் வன்மையையும் அம்மனின் அருளையும் கண்ணீர் ததும்பப் புகழ்ந்தார். இனிக் கழகம் செம்பெட்டியன்றி வேறு தொடாது என்று அறிவித்தார். தோட்டா வடிவில் வெள்ளிக் காணிக்கையொன்று அம்மனுக்கு நேர்ந்தார். துளையைக் கண்டு கூரையை நோக்கிய அதே கண்கள், இப்போது ஈரமாய் அவரை நோக்கின. சிலர் எழுந்து அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டனர்.

ததேயுஸின் முகம் சிவந்தது. அவன் குனிந்து, "நான் எந்திரிச்சு சொல்லிரட்டா?" என்றான்.

சுயம்புலிங்கம் எதிர்வரிசையைப் பார்த்தான். அங்கே இசபெல், இரவல் வாங்கிய சேலையின் முந்தானையைத் திருகியபடி, வேலைக்கான தாளில் தலைவர் இன்னும் இடாத கையெழுத்தையே கணவனின் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து விழட்டும்," என்றான் சுயம்புலிங்கம்.

"பொறவு?"

அந்த வேளையில் தலைவர் அவனை அழைத்தார். தோட்டாவைத் தெரிந்தெடுத்தவன் என்ற முறையில் தலைவருக்கு இடும்படி மாலையொன்று அவன் கையில் தரப்பட்டது. அதுவும் செவ்வரளியே. அதன் மணம் மூக்கில் ஏறிய மாத்திரத்தில், சட்டைப்பையில் வைத்திருந்த அந்தப் பாதித் தாளை அவன் ஒரு கையால் அழுத்திக்கொண்டான். நடந்து சென்று, வெற்றிலைச் சாறு வழிந்த அந்த முகத்தின்கீழ் மாலையை இட்டான். கைதட்டல் மலையே அதிர்ந்தாற்போல் எழுந்தது. விழா முடிந்ததும் கையெழுத்து விழுந்தது.

மறுநாள் புலரியில், காற்றெழாத பொழுதில், அவன் தனியே வட்டக்கோட்டைக்குச் சென்றான். துணிப்பையிலிருந்த குங்குமத் தோட்டாக்களை ஒவ்வொன்றாய்க் கடலில் எறிந்தான். பிறைபோல் கிழிந்த பாதித் தாள் மட்டும் அவன் சட்டைப்பையில் எஞ்சியிருந்தது. அதனை எறிய மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை. அலைகள் மதிலடியில் முணுமுணுத்தன. தொலைவில், கோட்டையை அடுத்த ஊரின் தெருக்களில், செம்பெட்டியை ஏந்திய ஊர்வலத்தின் மேளம் ஒலிக்கத் தொடங்கிற்று. மெய்ம்மைக்கு இருக்க ஒரு காசளவு துளை போதுமாயிருந்தது. பொய்க்கோ, நடந்து செல்ல ஊரெல்லாம் தெரு இருந்தது.