பச்சை நூலுக்கு ஓர் இழுப்பறை

1

இந்தக் கதை ஒரு குப்பைக்கூடையிலிருந்து வந்தது. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அக்கா போன் செய்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"உங்க அத்தான் குப்பைக்கூடைக்குள்ள கைய விட்டுத் துழாவிக்கிட்டிருக்கார்டி. என்னன்னு கேட்டா டிஷ்யூ ரோல் அட்டையாம். நீ கதை எழுதறவதானே, மனுஷங்க மனசெல்லாம் உனக்குத் தெரியும்னு சொல்லிக்குவியே. வந்து என்னன்னு பாரு."

போனேன். பார்த்தேன். என்னவென்று இன்னும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கட்டுரையாக எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்கு மெல்ல மெல்லப் புத்தி பிசகத்—"

அடித்துவிட்டேன். அத்தானுக்குப் புத்தி பிசகவில்லை. வீட்டிலேயே தெளிவாக இருக்கிற ஆள் அவர்தான். பிறகு இப்படி:

"அவள் ஊசி பிடித்தால் துணியில் பூ மலரும். அப்படிப்பட்ட கைக்கு—"

இதையும் அடித்தேன். அக்கா துணியில் பூ தைக்கிறவள் என்பது உண்மை. மேசை விரிப்பு, தலையணை உறை, குழந்தைகளின் சட்டை என்று எதைக் கொடுத்தாலும் தைத்துக் கொடுப்பாள். தேடி வருகிறவர்களும் நிறையப் பேர். ஆனால் 'மலரும்' என்று எழுதியதும் அந்த வாக்கியத்தில் யாரோ செத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

3

அடுக்குமாடியில் இரண்டாவது மாடி அவர்கள் வீடு. நான் போனபோது சாப்பாட்டு மேசை பட்டறையாக மாறியிருந்தது. பால் வந்த அட்டைப்பெட்டிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார் அத்தான். டிஷ்யூ ரோலின் அட்டைக் குழல்களைப் பழைய ஷூ பெட்டிக்குள் நெருக்கமாக நிறுத்தி, ஒவ்வொரு குழலிலும் ஒரு நூல்கண்டைச் செருகியிருந்தார். முட்டை அட்டையின் குழிகளில் மணிகள். மாத்திரை டப்பாக்களில் சமிக்கி. நடுவே, பெரிய தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த ஒரு குட்டி அலமாரி. இழுத்தால் வரும், தள்ளினால் போகும். ஒவ்வொரு தீப்பெட்டியின் முகத்திலும் இழுக்க வசதியாக ஒரு பொத்தான், மரம், பிளாஸ்டிக், உலோகம் என்று ஒவ்வொன்றும் ஒரு வகை.

"பசை காயற வரைக்கும் தொடாத" என்றார் அத்தான். ஓரங்களைத் துணி காயப்போடும் கிளிப்புகள் கவ்விக்கொண்டிருந்தன.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு பெட்டிக்கு வெளியே உப்புத்தாள் சுற்றியிருந்தது. ஒன்றுக்குப் பழைய துண்டின் துணி. ஒன்றுக்குச் சணல் கயிறு. ஒன்று வழவழவென்று வெறும் பால் அட்டையாகவே இருந்தது.

"ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி, அழகா இருக்கு அத்தான்."

"அழகுக்கு இல்ல."

அவர் பால்கனிப் பக்கம் பார்த்தார். அக்கா அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"கண்ண மூடு" என்றார் தாழ்ந்த குரலில். மூடினேன். என் கையில் ஒன்றை வைத்தார். சொரசொரத்தது. அதை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார். துண்டு.

"முதல்ல கொடுத்தது செவப்பு. இது நீலம். இப்ப கண்ணத் தொறக்காம எனக்குச் செவப்பு எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். கண்ணைத் திறந்தபோது எதிரே இருந்த முகத்தை எப்படி எழுதுவது என்று நாலு விதமாக முயன்று நாலையும் விட்டுவிட்டேன். கடையில் தராசைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆளின் முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சரியில்லை.

"போன மாசம் ஒரு மேசை விரிப்பு தைச்சா" என்றார். "நல்ல ரோஜா. ஆனா இலையெல்லாம் பிரவுன். வாங்க வந்த அம்மா, 'காய்ஞ்ச இலையாட்டமே இருக்கே, எப்படிங்க இப்படித் தோணுச்சு'ன்னு கேட்டாங்க. உங்க அக்கா ஒரு நிமிஷம் முழிச்சா. அப்புறம், 'எல்லாரும் பச்சையே போடறாங்க, அதான்'னு சிரிச்சுட்டா. நான் அந்த முழியப் பார்த்தேன்."

"அக்காகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா ஒண்ணுமில்லேம்பா. ஒரு தடவை அப்படிச் சொல்லிட்டான்னா, அதக் காப்பாத்தறதே அவளுக்கு ஒரு வேலையாயிடும். அவளா சொல்லட்டும். நீ வாய விடாத."

4

(இந்த இடத்தில் ஒரு சந்தேகம். நான் எழுதுகிற அத்தான் ரொம்ப நல்லவராக வந்துகொண்டிருக்கிறார். நிஜ அத்தான் குளியலறை விளக்கை அணைக்க மாட்டார். யார் பேசினாலும் நடுவில் புகுந்து வேறு விஷயம் பேசுவார். அக்காவின் தையலை "உன் பொழுதுபோக்கு" என்று ஊரெல்லாம் சொல்லி, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அதே மனிதர்தான் உட்கார்ந்து உப்புத்தாளை வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒரே ஆளுக்குள் எப்படி அடைப்பது என்று புரியாமல் இந்தப் பத்தியை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன்.)

5

அடுத்து அடுக்களை. அக்கா துணி உலர்த்தி முடித்து உள்ளே வந்து, தொட்டியில் கிடந்த பால் பெட்டியொன்றைக் கழுவத் தொடங்கினாள். அவருக்காகத்தான். வாய் மட்டும் திட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னார் உன்கிட்ட?"

"ஒண்ணும் சொல்லலியே."

"பொய் சொன்னா உனக்கு மூக்கு விரியும்டி. சின்ன வயசுலேர்ந்தே." பெட்டியை உதறிக் கவிழ்த்து வைத்தாள். "இலை விஷயம்தானே?"

மூக்கைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

"கண் டாக்டரைப் பார்த்தாச்சு. தனியாத்தான் போனேன். நடுப்பார்வை மங்குதாம். நிறந்தான் முதல்ல பிடிபடாமப் போகுமாம். எல்லாமே இருட்டாயிடாதுன்னார். ஆனா போனது திரும்பியும் வராதுன்னார்." காய்கறி விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

"அத்தான்கிட்ட சொல்ல வேண்டியதுதானே அக்கா?"

"சொன்னா அன்னிலேர்ந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சிடுவார். கக்கூஸ் வாசல் வரைக்கும். எனக்குக் கண்ணு போறத விட அதுதான் பயமா இருக்கு. நீயும் சொல்லக் கூடாது."

இப்போது கணக்கைப் பாருங்கள். அவருக்குத் தெரியும், சொல்லாதே என்கிறார். இவளுக்கும் தெரியும், சொல்லாதே என்கிறாள். அவருக்குத் தெரியும் என்பதும் இவளுக்குத் தெரியும். நடுவில் தெரியாதவளாக நடிக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு எனக்குப் போன் பண்ணினே?"

"அவருக்கும் பேச ஒரு ஆள் வேணாமா?" என்றாள் அக்கா.

(கதையை இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல இடம். ஆனால் அக்கா முடிக்கவில்லை.)

கையைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தாள். "முதல் செட்டு டப்பா பண்ணி வச்சார் பாரு, எனக்கு எரிச்சலா வந்துச்சு. எனக்குக் கண்ணு போறதுக்கு ஒத்திகை பாக்கறாரேன்னு. செவப்பை எடுத்து நீலத்து டப்பால போட்டேன், வேணும்னே. மறுநாள் பார்த்தா எல்லாம் அதது இடத்துல இருக்கு. அடுத்து மஞ்சளை மாத்தினேன். அதுவும் சரியாயிடுச்சு. நான் கேக்கல, அவரும் சொல்லல. விளையாட்டு மாதிரி ஆயிடுச்சுடி. காலைல எழுந்ததும் முதல்ல அதத்தான் போய்ப் பார்ப்பேன்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"நேத்து நான் எதையும் மாத்தல. ஆனா இன்னிக்குக் காலைல அவர் உக்காந்து ரெண்டு டப்பாவுல இருந்த நூலை மாத்தி மாத்தி வச்சிட்டிருந்தார்."

"அப்படின்னா..."

"அப்படின்னா என்னன்னு எனக்கே தெரிஞ்சா உன்கிட்ட ஏன் சொல்றேன்?"

6

இதை எழுதுவதற்காக அந்த வாக்கியத்தோடு நான் நிறைய மல்லுக்கட்டிவிட்டேன். அவள் தன்னை அறியாமல் தவறாக வைத்து, அவர் திருத்தியிருக்கலாம். அல்லது அவள் சரியாகவே வைத்திருந்தும், வழக்கம்போல் மாற்றியிருப்பாள் என்ற நினைப்பில் அவர் அதைக் கலைத்திருக்கலாம். அல்லது, அக்கா மாற்றாத நாளில் விளையாட்டு நின்றுபோய்விடக் கூடாதே என்று அவரே—

இல்லை. அப்படி யோசிக்கிற ஆள் இல்லை அத்தான். (இல்லையா? உப்புத்தாள் வெட்டுகிற ஆளும் இல்லை என்றுதானே நினைத்திருந்தேன்.)

7

சாப்பிட்டு முடித்து, வெயில் சாய்ந்தபின் அக்கா ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். ஒரு குழந்தையின் சட்டை. மார்புப் பகுதியில் ஒரு மீன் தைத்து முடிந்திருந்தது, சுற்றிலும் செடிகொடி போட வேண்டும். அத்தான் மேசையருகே, தீப்பெட்டி அலமாரி பக்கத்தில் இருந்தார். நான் இருவருக்கும் நடுவே சோபாவில், பத்திரிகை படிப்பவள் மாதிரி.

"ஏங்க, பச்சை எடுங்க" என்றாள் அக்கா.

இதற்குமுன் அவள் அவரிடம் நூல் கேட்டு நான் பார்த்ததில்லை. அத்தானுக்கும் அது புதுசு போல. எழுந்த வேகத்தில் கிளிப் ஒன்று கீழே விழுந்தது. மரப் பொத்தான் வைத்த இழுப்பறையை இழுத்து, நூலை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். பச்சை. இலைப் பச்சை. நான் பார்த்தேன்.

அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இது பிரவுனுங்க" என்றாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் பத்திரிகையைப் பார்த்தேன். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று, அது கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது.

"ஆமா, பிரவுனுதான்" என்றார் அத்தான். "கை மாறிப்போச்சு. குடு."

வாங்கிக்கொண்டு மேசைக்கு வந்தார். மரப் பொத்தான் இழுப்பறையைத் திறந்து நூலை உள்ளே வைத்தார். மூடினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். மறுபடியும் அதே இழுப்பறையைத் திறந்து, அதே நூலை எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் வைத்தார்.

அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. விரலால் ஒருமுறை வருடினாள்.

"ம். இதான்" என்று ஊசியில் கோத்தாள்.

8

முடிவு ஒன்று: அவளுக்கு நிஜமாகவே நிறம் தெரியவில்லை. அவர் பொய் சொன்னார், அவள் நம்பினாள்.

முடிவு இரண்டு: அவளுக்குப் பச்சை நன்றாகவே தெரிந்தது. தன்னை எதிர்த்துப் பேசுவாரா, தாங்குவாரா என்று பார்த்தாள். இழுப்பறை ஒரே சத்தத்தோடு இரண்டு முறை திறந்ததை அவள் கேட்காமலா இருப்பாள்?

முடிவு மூன்று எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்: அந்த நூல் பிரவுனாகவே இருந்திருக்கலாம். சாயங்கால வெளிச்சம். பச்சை என்ற சொல் என் காதில் விழுந்திருந்தது, அதனால் பச்சையைப் பார்த்தேன். இப்போது அந்தக் குழந்தைச் சட்டை யார் வீட்டிலோ இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கலாம். போகவில்லை.

எது என்று நான் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. நீங்களும் அவசரப்பட வேண்டாம். ஏனென்றால், இதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு முன்னால் இன்னொருவருக்கு இருக்கிறது. அக்கா இப்போதெல்லாம் நான் எழுதுவதைத் தானே படிப்பதில்லை. எழுத்து ரொம்பப் பொடியாகப் போடுகிறார்கள் என்கிறாள். அத்தான்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து உரக்க வாசித்துக் காட்டுகிறார். நடுநடுவே வேறு விஷயம் பேசிக்கொண்டு.

அத்தான், இருவருக்கும் கொடுத்த வாக்கை இதை எழுதியதிலேயே உடைத்துவிட்டேன். திட்டுங்கள். ஆனால் இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்களா, அல்லது மூன்றாவது பகுதியிலேயே தொண்டையைச் செருமி, "உன் தங்கச்சி ஏதோ டிஷ்யூ ரோலப் பத்தி எழுதியிருக்கா" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டீர்களா என்று எனக்குத் தெரியாது.

புரட்டியிருந்தால், அதுவும் ஒரு முடிவுதான்.

வாசித்திருந்தால் இப்போது கொஞ்சம் நிமிர்ந்து அவள் முகத்தைப் பாருங்கள். அங்கே என்ன இருக்கிறது என்பதை எனக்குச் சொல்ல வேண்டாம்.