கடைசிப் பொத்தான்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகிப்போகட்டும்.

எங்கள் தையல்கடையில் நான்கு பேர்: துணி வெட்டும் கட்டர், பொத்தான் துளை தைக்கும் காஜாக்காரர், என் மனைவியின் தம்பி, நான். நான் தைத்த சட்டையைப் போட்டவர்கள் கழற்ற மனம் வராமல் அப்படியே குளித்தார்கள். ஆனாலும் வேலை குறைந்துவிட்டது. ஒருவரை நிறுத்தவேண்டும், யாரென்று சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை. கடை வழக்கப்படி பொத்தான் எடுத்துத் தீர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். துணிப்பையில் மூன்று வெள்ளை, ஒரு கறுப்பு. எடுத்தது திரும்ப உள்ளே போகாது. கறுப்பு வந்தவர் கிளம்பவேண்டும். பை மச்சினன் கையில் இருந்தது.

“அத்தான், நீங்க கடைசியா நில்லுங்க,” என்று காதைக் கடித்தான்.

“டேய், மூணு வெள்ளையும் போயிட்டா எனக்குக் கறுப்புதானேடா?”

“போனாத்தானே!” வெட்டுமேசையில் சாக்கட்டியால் கணக்குப் போட்டான். “முதல் ஆள் தப்பிக்க நாலுல மூணு. அவன் தப்பிச்சா அடுத்தவனுக்கு மூணுல ரெண்டு. அப்புறம் ரெண்டுல ஒண்ணு. மூணையும் பெருக்குங்க, கால்தான் வருது. முதல்ல எடுத்தாலும் மாட்டுறதுக்குக் கால், கடைசின்னாலும் கால். கடைசியில நின்னா, எவன் மாட்டுறான்னு வேடிக்கையாவது பாக்கலாம்.”

கணக்கில் ஒரு குற்றமும் இல்லை. இன்றைக்கும் சொல்வேன்.

கட்டருக்கு வெள்ளை. காஜாக்காரருக்கும் வெள்ளை, அதற்கு முத்தமே கொடுத்தார் மனிதர். மச்சினன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான், வெள்ளை. எங்கள் கடையில் கடைசிப் பொத்தானை யாரும் கைவிட்டு எடுப்பதில்லை. பை வைத்திருப்பவர் மேசையில் கவிழ்ப்பார். மச்சினன் பையின் மூலையை இறுக்கிப் பிடித்தபடி கவிழ்த்தான். கறுப்பு உருண்டு வந்து, சாக்கட்டியில் ‘கால்’ என்று எழுதியிருந்த இடத்தில் நின்றது.

“கணக்கு அப்படி, அத்தான். நான் என்ன பண்ண?” அவன் கண் கலங்கிவிட்டது. நான்தான் முதுகைத் தட்டி ஆறுதல் சொன்னேன். ஞாபகத்துக்கு இருக்கட்டுமென்று பையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கொடுக்கத் தயங்கினான். பாசம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து உதறினேன். மூலையிலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தான் விழுந்தது. பைக்குள் இருந்த நான்குமே வெள்ளை. கறுப்பு அவன் உள்ளங்கையில் இருந்திருக்கிறது. மனைவியிடம் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

“அவனுக்குக் கைக்குழந்தை இருக்குல்ல,” என்றாள். “குடுங்க இப்படி. உங்க சட்டையில ஒண்ணு குறையுது.”

நெஞ்சுக்கு நேராக வைத்து அவளே தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள்.

எனக்கு இன்றுவரை ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது. நாக்கு மட்டும் இன்னும் அழுகவில்லை.