ஆறாவது முட்டு

“கூரை விழுமெண்டு சொல்லுறியோ?”

“இல்லை மாமா. விழாதெண்டு சொல்லேலாமல் கிடக்கு.”

பாலேந்திரன் தூக்கிவந்த வாழைக்குலையைக் கீழே வைத்தார். லாங்கன்தால் நகரில், முன்னர் தொழிற்சாலையாக இருந்த அந்த மண்டபத்தில் அவருடைய மகள் யாதவிக்குச் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா. பதினொரு மணிக்கு முந்நூறு பேர் வருவார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“நீதானே கூரைக்குக் கணக்குப் பாத்துக் கையெழுத்து வைச்சனி?”

“ஓம்.”

பொறியியலாளரான அவருடைய சகோதரி மகள் லக்சாயினிக்கு முகம் சுட்டது. ஐயர் நாள் குறித்துவிட்டார், கூரை பனியைத் தாங்கும் என்று மண்டபத்துக்குக் கொடுக்கப் பொறியியலாளரின் கடிதம் நாளைக்கே வேண்டும் என்று மாமா நெருக்க, அவளும் அவசரப்பட்டாள். பனியின் பாரம் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று வீச்சாக எடுக்காமல், நடு எண்ணை மட்டும் எடுத்துக் கணக்கை முடித்துவிட்டாள். இன்று காலை பனியைக் கண்டபோதுதான் பயம் பிடித்து, முழு வீச்சையும் போட்டுத் திரும்பக் கணித்தாள்.

“கூரையைக் கீழை இருந்து தாங்க ஆறு முட்டு, மாமா. கூரையைத் தொட்டால் முட்டு பாரம் சுமக்கும், இடைவெளி விட்டால் சுமக்காது. ரெண்டிலை ஒண்டுதான். அஞ்சு முட்டுக்கு எவ்வளவு பனி விழுந்தாலும் தொட்டுக்கொண்டுதான் நிக்குமெண்டு நிரூபணம் வந்திட்டுது. ஆறாவதுக்கு வரேல்லை.”

“ஏணி வைச்சுப் பாப்பம். தொடுதெண்டால் சரிதானே?”

“இப்ப தொடும். பனி ஏறி மற்றப் பக்கம் அமந்தால், இந்தப் பக்கம் எழும்பி முட்டை விட்டிடுமோ எண்டுதான் தெரியேல்லை.”

மாமி ஞானேஸ்வரி சடங்குக்குச் சோடித்த மணவறையை விட்டு இறங்கி வந்தாள். “முப்பது வருசமா நிக்கிற கூரை. எங்கட பிள்ளையின்ரை நல்ல நாளிலதானோ உமக்குப் படிப்பு ஞாபகம் வந்தது?”

“பிழை என்ரை, மாமி.”

“பிழையெண்டால் வாயை மூடிக்கொண்டு இரும். பின்னேரத்துக்குள்ள முடிஞ்சிடும்.”

லக்சாயினி மண்டபக் காவலரிடம் போய், தன் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தாள். அவர் அதை வாசித்ததும் கால் மணி நேரத்தில் எல்லோரையும் வெளியேற்றிக் கதவைப் பூட்டினார்.

வந்தவர்கள் கார் தரிப்பிடத்தில் பட்டுச்சேலைக்கு மேல் குளிர்கோட்டுடன் நின்றார்கள். யாதவி காருக்குள் அழுதாள். ஒரு மணிக்குப் பனி விட்டது. கூரை நின்றது.

“பார், நிக்குது,” என்றார் பாலேந்திரன்.

“நிக்கட்டும் மாமா. எனக்கும் அதுதான் வேணும்.”

“இனி என்ரை வீட்டுக் கணக்கொண்டும் நீ பாக்க வேண்டாம்.”

காரின் கதவைத் திறந்துவைத்து, அதன் வாசலிலேயே தட்டில் திரி ஏற்றி மகளுக்கு ஆலாத்தி எடுத்தாள் ஞானேஸ்வரி. காற்றில் திரி அணையப் பார்த்தது. லக்சாயினி ஓடிப்போய் இரண்டு கைகளாலும் மறைத்தாள். மாமி தட்டை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.