ரவுடிக்குத் தோதான தரை

அவன் வீட்டுக் கூடத்தில் குனிந்தால் போதும், தரையில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். தரைக்கு மெருகு போடுவது அவனுடைய தொழில். எந்தக் கட்டடத்தில் கல் பதித்தாலும் கடைசியில் மெஷினைத் தள்ளிக்கொண்டு அவன்தான் போக வேண்டும். கூட்டாளிகள் அவனுக்குக் 'கண்ணாடி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். வேலை கொடுக்க வருகிறவர்களிடம் வாயால் பெருமை பேசமாட்டான். வீட்டுக்குக் கூட்டி வந்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, விளக்கைப் போடுவான். அவ்வளவுதான், ஆள் சொக்கிப் போய்விடுவார். சில பேர் வழுக்கி விழுந்ததும் உண்டு.

"அது தரை இல்ல, என் சக்களத்தி" என்பாள் அவன் பொண்டாட்டி. "வீட்டுக்கு வந்ததும் மொதல்ல அவளைத்தான் தடவிப் பார்ப்பாரு. அப்புறந்தான் நானு."

அவன் சிரித்துக்கொள்வான். ரவுடி எழுந்து நிற்கத் தொடங்கும் வரை அந்தப் பேச்சு அவனுக்கு உறைக்கவே இல்லை.

ரவுடி அவர்களுடைய மகள். பாலுக்கு அவள் போடுகிற கூச்சலைக் கேட்டு அப்பன்காரன் வைத்த பேர் அது. ஒரு வயசு தாண்டியாச்சு. சோபாவைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். கையை விட்டால் போச்சு. ஒரு கால் கிழக்கே போகும், இன்னொன்று மேற்கே போகும், தொப்பென்று உட்காருவாள். அழமாட்டாள். தரையை ஒரு முறை முறைப்பாள், மறுபடி எழுவாள், மறுபடி தொப். அவன் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான். தொழில் பழகின புதிதில் மெஷின் கைக்கு அடங்காமல் இழுத்தபோது, வேலையே வேண்டாமென்று ஓடிப்போகப் பார்த்தவன் அவன். இந்தப் பொடிசுக்கு அந்த நினைப்பே வரவில்லையே!

"யம்மாடி, என்ன வைராக்கியம்டி உனக்கு!" என்று தூக்கிக் கொஞ்சுவான்.

பக்கத்துத் தெருவிலிருந்து அவனுடைய அக்கா வந்தாள். "என் பசங்கல்லாம் இந்த வயசுல ஓடினாங்க தம்பி. இடுப்புல பலம் இல்லையோ என்னவோ. டாக்டர்கிட்ட காட்டிடு."

டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்தார், இடுப்பை அசைத்துப் பார்த்தார். "காலெல்லாம் கெட்டியா இருக்கு, கவலைப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார்.

விழுந்தால் அடிபடாமல் இருக்கட்டும் என்று வீட்டில் பாய் விரித்துப் பார்த்தார்கள். பாய் பாட்டுக்கு ஒரு பக்கம் போனது, பிள்ளை பாட்டுக்கு ஒரு பக்கம் போனாள். அப்படிப் போனபோதுதான் மோவாயில் அடிபட்டு ரத்தம் வந்தது. அன்றோடு ரவுடி சோபா பக்கமே போகவில்லை. யாராவது இறக்கிவிடப் பார்த்தால் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். எத்தனையோ முறை விழுந்தும் அழாத பிள்ளை இப்போது நிற்கவே பயந்து அழுதது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய வேலை ஒன்று வந்தது. மாடி மாடியாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு துணிக்கடை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து தரையைப் பார்ப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். அது கிடைத்துவிட்டால் வருஷம் முழுக்க வேலைக்கு அலைய வேண்டாம்.

சனிக்கிழமை மத்தியானம், அவன் வேலை செய்துகொண்டிருந்த புது வீட்டுக்கு மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள், இடுப்பில் ரவுடியோடு. அங்கே மெஷினில் முரட்டுக் கல்லை மாட்டித் தரையை ஒரு தரம் தேய்த்ததோடு சரி. மெருகேற்றும் நைஸ் கல் இனிமேல்தான். தரை மட்டமாக இருந்தாலும் தொட்டால் சொரசொரத்தது. பாத்திரத்தைத் திறப்பதற்காக அவள் பிள்ளையைக் கீழே இறக்கினாள்.

ரவுடி வாயைக் கோணினாள். அழப்போகிறாள் என்று அவன் கையை நீட்டினான். அதற்குள் அவள் உள்ளங்காலைத் தரையில் தேய்த்துப் பார்த்தாள். இன்னொரு முறை தேய்த்தாள். விரல்களைக் குறுக்கித் தரையைக் கவ்வினாள். பக்கத்திலிருந்த வாளியைப் பிடித்து எழுந்தாள். கையை விட்டாள். நின்றாள்!

"ஏங்க…"

"பேசாத, பேசாத."

ஒரு காலை எடுத்து வைத்தாள். பிறகு தானாகவே உட்கார்ந்து, இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள்.

"அவ கால்ல ஒரு குறையும் இல்ல" என்றான் அவன். "எல்லாம் வீட்டுல நான் போட்ட தரை பண்ற வேலை."

சாயங்காலம் மெஷினை வீட்டுக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். அவன் முரட்டுக் கல்லை மாட்டுவதைப் பார்த்து மனைவி பதறினாள்.

"நாளைக்கு அவர் வர்றாருங்க! பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் என்ன வேணா பண்ணுங்க."

"அவர் போனா இன்னொருத்தர் வருவாரு. நானும் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போடுவேன், என்னை எனக்குத் தெரியாதா? இன்னிக்குத்தான் அவளுக்குத் தைரியம் வந்திருக்கு. இதுல இறக்கிவிட்டு மறுபடி மோவாயை உடைச்சுக்கணுமா?"

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சோபாவை ஒரு பக்கமாக நகர்த்தத் தொடங்கினாள்.

மாசக்கணக்கில் ஏற்றின மெருகு சாம்பல் தண்ணீராக ஓடியது. அவனுக்கு வயிறு எரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு மூலை விடாமல் ஓட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். செருப்பைக் கழற்றினார். அவன் விளக்கைப் போட்டான். ஒன்றும் மின்னவில்லை.

"என்னப்பா, கண்ணாடின்னாங்க? மொட்டை மாடி மாதிரியில்ல இருக்கு!"

"நான் போட்டதிலேயே நல்ல தரை இதுதான் சார்."

அவர் கேலி என்று நினைத்துவிட்டார். அந்த நேரத்தில் ரவுடி சோபாவிலிருந்து கையை எடுத்தாள். ஆடினாள், சமாளித்தாள், கைகளை அகல விரித்துக்கொண்டு கூடத்தைக் குறுக்கே கடந்து வந்தாள். அவன் அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். அவளோ அப்பனைத் தாண்டிப் போய் முதலாளியின் கால்சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தை நல்லா நடக்குது" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். துணிக்கடை வேலை வேறு யாருக்கோ போயிற்று.

விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "கிறுக்கனா இவன்? வீடு தேடி வந்த வேலையைத் தொலைச்சுட்டு நிக்கிறானே!"

ரவுடி அதற்குள் கூடத்து மூலைக்கு நடந்து போய், மெஷினின் கைப்பிடியை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். "அதை மட்டும் தொடாதடி ராசாத்தி!" என்று அவன் பின்னாலேயே ஓடினான்.

"விடுங்க அண்ணி" என்றாள் மனைவி, அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி. "வேலை போனா வரும். என் சக்களத்தியை அவரே வெரட்டிட்டாரு, அது போதும் எனக்கு."