பஞ்சலிங்கத்தின் ஏப்பம்

1972ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பத்மாசினி ஒரு கோப்பைச் சோறு தின்றாள். ஏப்பம் அவள் புருஷன் பஞ்சலிங்கத்துக்கு வந்தது. அவன் அன்றைக்குப் பச்சைத் தண்ணீரும் குடித்திருக்கவில்லை.

பஞ்சலிங்கம் கூலிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவன். மிளகாய்க்கு விலை ஏறிய காலம். கீரிமலைப் பக்கத்துச் செம்மண் முழுக்க மிளகாய்தான். விடிந்தால் மருந்துத் தாங்கியை முதுகில் கட்டுவான். குழாயின் மூக்கு அடைத்தால் வாயில் வைத்து ஊதி எடுப்பான். எல்லோரும் அப்படித்தான்; ஊதக் கூசுகிறவனைத் தோட்டக்காரர் மறுநாள் கூப்பிடமாட்டார்கள். மூன்று வருஷம் ஊதினான். முதலில் வாய் கைத்தது, பிறகு தாளித மணத்துக்கே குமட்டியது, பிறகு கண் மஞ்சளாகி, விழுங்கியதெல்லாம் திரும்பி வந்தது.

யாழ்ப்பாணத்து டாக்குத்தர் வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். "உள்ளை போற நஞ்சை முறிக்கிறது ஈரல்தான், ஐசே. உம்மடை ஈரல் வீங்கிப் போச்சு. இனி அந்தத் தாங்கியைத் தொட்டால் உம்மடை மனிசி, இந்தப் பிள்ளை தனிச்சுப் போகும்."

பத்மாசினி மூன்று நாள் அவனுக்குக் கஞ்சி பருக்கினாள். ஒரு மிடறும் தங்கவில்லை. நாலாம் நாள்தான் அந்த வெள்ளிக்கிழமை. ஆள் தப்பாது என்று எண்ணி, அழுதபடி தன் சோற்றைத் தின்றவள் அந்த ஏப்பத்தைக் கேட்டு இன்னொரு பிடி அள்ளி வைத்தாள். அவன் நிம்மதியாகக் கண்ணை மூடினான்.

அதன்பிறகு அவள் உறைப்பை விட்டாள், உயிராக விரும்பிய மீன்பொரியலையும் விட்டாள். கீழ்க்காய்நெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கரைத்துக் குடித்தது அவள். முகம் சுளித்தது அவன்.

"சீ, என்ன கைப்பு!"

"குடிக்கிறது நான், கத்துறது நீங்களோ? பேசாமல் கிடவுங்கோ."

தைப்பொங்கலன்று கண்ணில் வெள்ளை திரும்பியது. தாங்கியைக் கைவிட்டு, தோட்டங்களில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறப் போனான். வயிறு மட்டும் வேலைக்குத் திரும்பவில்லை. டாக்குத்தர் இரண்டு தரம் சோதித்துவிட்டு, "மனைவி மூலம் உண்கிறார்" என்று துண்டில் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

1981இல் ஒரு கலியாண வீட்டில் இருவருக்கும் ஓர் இலைதான் போட்டார்கள். பெண்ணின் தகப்பன் சண்முகநாதன் பாயாச வாளியோடு வந்து, பத்மாசினியின் இலைக்கு நேரே கரண்டியைப் பிடித்துக்கொண்டு பஞ்சலிங்கத்தைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் விடட்டே, அண்ணை?"

"காணும் தம்பி. அவவுக்கும் அந்த வயித்துக்குள்ளை கொஞ்சம் இடம் வேணுமெல்லே."

சண்முகநாதன் அடுத்த இலைக்குப் போனார்.