மூவாயிரம் வாட் சம்பந்தி

ஜெங்கிஷுக்குக் காலையிலிருந்தே முதுகு விட்டுப்போயிருந்தது. தாலாஸ் பள்ளத்தாக்குப் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டுவதுதான் அவன் பிழைப்பு. இன்றைக்குக் கல்யாணம் அவன் தங்கை பெர்மெத்துக்கு. அப்பா இல்லாத வீடு. பெண்ணுக்குப் பெரியவனாகவும் நிற்க வேண்டும், பாட்டுக்கு வயரும் இழுக்க வேண்டும்.

அது போதாதென்று, மாப்பிள்ளையின் அப்பா ஒஸ்மோன்குல் சொந்தமாக ஒரு சப்வூஃபரை, அடித்தொனிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டியை, கொண்டுவந்து மண்டபத்தில் இறக்கினார். வந்த அட்டைப்பெட்டியைக்கூட விடவில்லை. அதில் 3000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை ஊர் பார்க்க வேண்டுமே.

"உன்னது எத்தனை வாட் தம்பி?"

"நானூறுங்க சம்பந்தி."

"நானூறா? கோழிக்கூண்டுக்குக்கூடக் காணாது." கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

ஜெங்கிஷ் அந்தப் பெட்டியின் பின்பக்கத்துச் சீட்டைப் படித்தான். மூவாயிரம் என்பது கண் இமைக்கும் நேரத்துக்குத் தாங்குவது. நின்று உழைக்கிற சக்தி இருநூறுதான், அதுவும் பொடி எழுத்தில். பெரிய ஸ்பீக்கரைக் குட்டிப் பெட்டிக்குள் திணித்திருந்தார்கள். அறுபது ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஆழ்ந்த தொனிக்கு அதனால் இறங்கவே முடியாது. அவனுடையது, ஸ்பீக்கருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று லிட்டர் கணக்குப் பார்த்து அவனே பலகை அறுத்துச் செய்தது. முப்பத்தைந்து வரை இறங்கும், நாள் முழுக்க நானூறில் நிற்கும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? சொல்லவும் அலுப்பாக இருந்தது. இரண்டையும் சுவரோரம் ஒன்றையொன்று ஒட்டி வைத்து இணைத்தான்.

பெஷ்பர்மாக் கறித் தட்டுகள் காலியாகி ஆட்டம் தொடங்கியது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. ஒஸ்மோன்குல் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"உன்னதக் கழட்டிடு தம்பி. எங்களது தனியாப் பாடட்டும், ஜனங்க கேக்கட்டும்."

"ரெண்டும் இருக்கட்டுமே சம்பந்தி."

"ஏன், பயமா இருக்கா?"

பக்கத்து மேசையில் வெள்ளை உடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த தங்கையை ஜெங்கிஷ் பார்த்தான். இவருடையது தனியாகப் பாடினால் தகரம் தட்டுகிற சத்தம்தான் வரும், கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கருகும். சபையில் இந்த மனிதர் மூக்கறுபட்டால் அந்த ஆத்திரம் முழுக்க பெர்மெத்தின் தலையில்தான் விடியும்.

பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்தான். முதுகு சுரீர் என்றது. ஒரு வயரைப் பிடுங்கினான், சம்பந்தியுடையதை.

"கழட்டியாச்சு."

அதிர்வு குறையவில்லை. ஒஸ்மோன்குல் தன் பெட்டியின் மேல் கை வைத்தார். ஒட்டியிருந்த பெட்டியின் அதிர்வில் அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? உன்னதுதான் இடைஞ்சலா இருந்திருக்கு."

"ஆமாங்க சம்பந்தி."

விருந்து கலையும்போது சம்பந்திகள் சீர் மாற்றிக்கொண்டார்கள். ஒஸ்மோன்குல் ஜெங்கிஷின் தோளில் நீள அங்கியைப் போர்த்தியதோடு நிற்கவில்லை.

"என் பெட்டியையும் வெச்சுக்க. இனிமேலாவது நல்ல சாமான் வெச்சுத் தொழில் பண்ணு."

சீரை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாங்கினால் ஈடாக ஒன்று திருப்பித் தர வேண்டும். கொண்டுவந்த அங்கிகளும் துணிகளும் ஏற்கெனவே தீர்ந்திருந்தன. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னத நீங்க எடுத்துக்குங்க சம்பந்தி," என்றான். அடுத்த கல்யாணத்துக்கு எதைத் தூக்கிக்கொண்டு போவது?

"இந்தக் கோழிக்கூண்டையா? சரி, தொழுவத்துல ஒரு மூலைல கெடக்கட்டும்."

"வேண்டாம் மாமா, என் ரூம்ல வெச்சுக்கறேன்," என்றாள் பெர்மெத். காலையிலிருந்து அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

வண்டி ஏறுமுன் அண்ணனைக் கட்டிக்கொண்டு காதோரம் சொன்னாள்: "நீ எந்த வயரப் புடுங்கினேன்னு பாத்தேண்ணே."

வண்டி போய்விட்டது. ஜெங்கிஷ் மூவாயிரம் வாட்டைத் தூக்கினான். அவ்வளவு லேசாக இருக்கும் என்று அவன்கூட நினைக்கவில்லை. அதை அங்கேயே இறக்கி வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து அழுதான்.