இரண்டு டிஸ்க்

எனக்கு ஒரே ஒரு சட்டம்தான். கம்ப்யூட்டரில் இருப்பதைக் காப்பி எடுக்கும் டிஸ்க் இரண்டு. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்படக் கூடாது. ஒன்று என் பையில் போனால் மற்றது விழுப்புரத்தில் என் பீரோவுக்குள் இருக்க வேண்டும். பதினோரு வருஷமாக அதை நான் மீறியதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் திண்டிவனம் போவேன். அம்சவள்ளி அங்கே திருமணத் தகவல் மையம் நடத்துகிறாள். அந்த வாரம் வந்த ஜாதகம், போட்டோ எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு திரும்புவேன். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் காவல்காரன். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகியும் ஆகவில்லை. வேலை என்னவோ இருபது நிமிஷம்தான். அவள் தரும் டீயைக் குடித்துவிட்டு, யாருக்கு எந்த இடம் அமைந்தது என்று கேட்டுக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பேன். மற்ற ஆறு நாளும் என்னோடு பேச டிவியைத் தவிர நாதி கிடையாது. பொய் சொல்வானேன், கம்ப்யூட்டரே தானாகக் காப்பி எடுத்துக்கொள்ள வழி இருந்தது. அதை நான் அவளிடம் மூச்சு விட்டதில்லை.

2012 ஆயுத பூஜைக்கு முதல் நாள் போன் செய்தாள்.

"அண்ணா, நாளைக்குப் பூஜைக்கு வந்துடுங்க. ரெண்டு டிஸ்க்கையும் எடுத்துக்கினு வாங்க. ஒண்ணுக்குப் பொட்டு வச்சி ஒண்ண உட்டா நல்லாவா இருக்கும்?"

என்னை ஒருவர் பூஜைக்கு அழைத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று இரண்டையும் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன்.

அம்சவள்ளி வீட்டுப் பூஜையை முடித்துக்கொண்டு மாலையில்தான் வருவாள். டிஸ்க்குகளை அவள் மேஜைமேல் வைத்துவிட்டு, பொரியும் பூசணிக்காயும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். அரைமணி நேரம்தான். திரும்பி வந்தால், ஆபீஸ் கூட்டும் வீரம்மாள் வாளியோடு நிற்கிறாள். தரையெல்லாம் தண்ணீர். மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டி தலைக்குக் குளித்ததுபோலச் சொட்டிக்கொண்டிருந்தது. என் டிஸ்க் இரண்டும் வாசற்படியில் வெயில் காய்ந்தன.

"அழுக்கேறிக் கெடந்துச்சி சார். சோப்பு போட்டு ஜல்தியா கழுவி வச்சிட்டேன்" என்றாள் வீரம்மாள்.

பூஜைக்குச் சாமானைக் கழுவாமல் யார் வைப்பார்கள்? திட்ட வாயைத் திறந்தேன். திட்ட வேண்டிய ஆள் நான்தான் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டேன். மாலைவரை துடைத்தேன், காயவைத்தேன், கழற்றி மாட்டினேன். மூன்றில் ஒன்றும் கண் திறக்கவில்லை. மூவாயிரம் ஜாதகம் போயிற்று. என் வெள்ளிக்கிழமையும் அதோடு போயிற்று.

"எல்லாம் போச்சும்மா. என் தப்புதான்" என்றேன்.

அப்போதுதான் வந்த அம்சவள்ளி பொரியைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் போகலண்ணா. பெங்களூர்லேர்ந்து எம்பொண்ணு கலைமதி ஏற்பாடு பண்ணிட்டா. எல்லாம் தானா இன்டர்நெட்ல ஏறிடுது. ரெண்டு வருஷமாச்சி."

"ரெண்டு வருஷமாவா? அப்ப நான் எதுக்கும்மா வந்துக்கினு இருந்தேன்?"

அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்புடுங்க" என்றாள்.

என்மேல் பரிதாபப்பட்டிருக்கிறாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. இனி இந்தப் படியை மிதிப்பதில்லை என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். நான் மறைத்ததையேதான் அவளும் மறைத்திருக்கிறாள் என்பது விக்கிரவாண்டி தாண்டிய பிறகுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். கையில் பை இல்லை. என்ன வேலையாக வந்தீர்கள் என்று அவள் கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. பஸ் வந்ததும் ஏறி, திண்டிவனத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.